தேய மறுத்த டயர்

திங்கட்கிழமை காலை சோதனை அறைக் கதவைத் திறந்தபோது, வெள்ளிக்கிழமை மாலை நான் நிறுத்தியிருக்க வேண்டிய இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தும் பொத்தான் சிவப்பு நிறத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். போகிற போக்கில் முழங்கை பட்டாலே அமுங்கிவிடும். அதை அழுத்த மறப்பதற்குத் தனித் திறமை வேண்டும். பத்தொன்பது வருடம் ஒரே அறையில் வேலை பார்த்ததில் எனக்கு அந்தத் திறமை வந்திருந்தது.

டயர் கம்பெனியில் டயரைத் தேய்ப்பது என் உத்தியோகம். மற்றவர்கள் பாடுபட்டுச் செய்து அனுப்புவதை நான் ஒருத்தன் உட்கார்ந்து பாழாக்குவேன். அறையின் நடுவில் என்னைவிட உயரமான ஒரு இரும்பு உருளை நிற்கிறது. டிரம் என்போம். ஒரு இரும்புக் கை டயரைப் பிடித்து டிரம்மோடு வைத்து அழுத்தும். டிரம் சுழலும், டயரும் சேர்ந்து சுழலும். டிரம்தான் ரோடு. டயர் இருந்த இடத்தைவிட்டு நகராமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்வரும். தினமும் நிறுத்தி, டயரின் பள்ளக்கோடுகளில் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் மிச்சம் இருக்கிறது என்று அளந்து படிவத்தில் எழுத வேண்டும். அதனால் கம்பெனியில் எனக்கு மில்லி என்று பெயர். என் மனைவியும் அப்படிக் கூப்பிடுவாள், கோபம் வந்தால் மட்டும்.

பொத்தானை அழுத்தினேன். டிரம் முனகிக்கொண்டே நின்றது. இரண்டு முழு நாளும் மூன்று இரவும் ஓடியிருக்கிறது. எந்த டயராக இருந்தாலும் சூட்டில் வெடித்து அறை முழுக்கக் கருகிக் கிடக்க வேண்டும். நான் துடைப்பத்தைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

டயர் முழுசாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பு. அறையில் ரப்பர் நாற்றமே இல்லை. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தின் வாசனை.

கருவியை வைத்து ஆழம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை புதுசாக மாட்டும்போது எட்டு மில்லிமீட்டர். இப்போது எட்டு புள்ளி நான்கு.

கருவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். துடைக்க வேறு எதுவும் இல்லாததால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எட்டு புள்ளி நான்கு.

சாதாரண டயராக இருந்தால் சத்தம் போடாமல் கழற்றிக் குப்பையில் எறிந்திருப்பேன். இது செடி டயர். முழுக்க முழுக்கச் செடிகொடியிலிருந்தே செய்தது, ஒரு சொட்டு பெட்ரோலியம் இல்லை. மஞ்சள் பூ பூக்கும் ஏதோ ஒரு களைச்செடியின் வேரிலிருந்து வடித்த பால், உமியை எரித்த சாம்பல், ஆரஞ்சுத் தோல் எண்ணெய், பைன் மரப் பிசின். பட்டியலைப் படித்தபோது எனக்கு இது டயரா, தலைவலித் தைலமா என்று சந்தேகம் வந்தது. கம்பெனியே இதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தது.

என் வீடும்தான். என் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, மாலையில் அதே பதினெட்டையும் எண்ணிக் கொண்டுவந்து சேர்ப்பாள். வேனின் டயர்கள் என் தலையைவிட மோசமாக மொட்டையாகியிருந்தன. செடி டயர் சோதனையில் தேறியதும் முதல் நான்கு டயரை ஊழியர் வீட்டு வண்டி ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாகி, குலுக்கலில் என் பெயர் வந்திருந்தது. அவள் அன்றிலிருந்து என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் ஆளில்லாமல் இயந்திரத்தை ஓட விட்டதற்கு என் கோப்பில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் இருந்தன. மூன்றாவது வந்தால் கோப்பை மூடிவிடுவார்கள், உள்ளே என்னையும் வைத்து.

படிவத்தில் ஏழு புள்ளி ஏழு என்று எழுதினேன்.

எழுதி முடிக்கவும் மேலாளர் எட்டிப் பார்க்கவும் சரியாக இருந்தது. எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பார். அதுதான் அவர் பெயரும்.

"என்ன மில்லி, நம்ம செடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"தேயுதா?"

"தேயுது சார். அடக்கமாத் தேயுது."

"ஆகட்டும். சாயந்திரம் நானே வந்து ஒரு தடவை அளந்து பார்க்கிறேன். பெரிய இடத்துக்கு அறிக்கை போகணும்."

அவர் போனதும் எனக்கு வியர்த்துவிட்டது. படிவத்தில் இருப்பதும் டயரில் இருப்பதும் ஒன்றாக இருந்தாக வேண்டும். படிவத்தை மாற்றினால் மாட்டிக்கொள்வேன். எனவே, பத்தொன்பது வருடம் டயர் தேய்த்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு யோசனை வந்தது. டயரை மாற்றுவது.

கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு இரும்பு அரத்தை எடுத்து, டயரைச் சுற்றிச் சுற்றி ராவினேன். முதல் இழுப்பிலேயே கீறலில் பால் கசிந்தது. வெள்ளை வெளேரென்று, கெட்டியாக. 

"கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன் டயரிடம். "எனக்கும் குடும்பம் இருக்கு."

ராவி எடுத்த தூளை அறையில் விட்டால் தெரிந்துவிடும். சாப்பாட்டு டப்பாவில் அள்ளி மூடி வைத்துக்கொண்டேன். மாலையில் ஆகட்டும் வந்து அளந்தார். ஏழு புள்ளி ஏழு. என் முதுகில் தட்டிக்கொடுத்தார். டயர் வடித்திருந்த பால் அதற்குள் காய்ந்து, தழும்பு மாதிரி இறுகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது புள்ளி ஒன்று.

இந்தத் தடவை எதையும் துடைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. இயந்திரம் நின்றுதான் இருந்தது. மின்விளக்குகூடப் போடவில்லை. ஆனாலும் அறைக்குள் எங்கேயோ ஒரு ஆடு நிதானமாக எதையோ மெல்லுகிற மாதிரி, கறுக், கறுக் என்று. எழுந்தேன், நின்றது. உட்கார்ந்தேன், ஆரம்பித்தது. எலி என்று முடிவு செய்துகொண்டேன். 

டயரின் உச்சியில் சாக்பீஸால் ஒரு அம்பு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். பத்து நிமிடம் கழித்து வந்தால் அம்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையால் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தேன். கண்ணெதிரிலேயே, கடிகாரத்தின் பெரிய முள் வேகத்தில், அது மறுபடியும் வெயில் பக்கம் திரும்பியது. சின்ன மனத்தாங்கல் உள்ளவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி.

ரப்பர் கலவை தயாரிக்கும் மாடிக்கு ஓடினேன். செடி டயருக்கான கலவையைக் கண்டுபிடித்தவர் அங்கே இருந்தார். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர், நாங்கள் டாக்டரம்மா என்போம்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம். இந்த டயருக்கு உயிர் இருக்குமா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உயிர்னு நீங்க எதைச் சொல்றீங்க?"

"அதான்மா, உயிர். எனக்கும் உங்களுக்கும் இருக்கே, அது."

"உங்களுக்கு இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

திங்கட்கிழமையிலிருந்து எனக்கே அதில் சந்தேகம் இருந்தது. "சரி, உயிரை விடுங்க. இது வண்டியில போட்டா பத்திரமா? அதை மட்டும் சொல்லுங்க."

"பத்திரம்ங்கிறது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்."

"எதோட ஒப்பிட?"

"நல்ல கேள்வி கேக்கறீங்க. யாரும் கேக்கறதில்லை" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் இறங்கி வந்து அரத்தை எடுத்தேன். படிவத்தில் ஏழு புள்ளி நான்கு என்று எழுதி, டயரை ஏழு புள்ளி நான்குக்குக் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் அரம் வேலை செய்யவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பல்லெல்லாம் போய், தடவினால் வழுவழுவென்று இருந்தது. இப்படி மட்டமான சாமானை வாங்கிப் போடுகிறார்களே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இன்னொன்றை எடுத்தேன்.

அன்று மாலை வீட்டில் மனைவி சமையலறையிலிருந்து டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, இது ஒழுகுது."

"எது?"

"டப்பா. அடியில பாருங்க, ஊசியால குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா. எஃகு டப்பாவை என்னதான் பண்ணுவீங்க?"

"பழசாயிருக்கும்மா."

"போன மாசம் வாங்கினது."

"இப்பல்லாம் அப்படித்தான் செய்யறாங்க" என்றேன். அதற்கு மேல் நின்றால் கேள்வி வரும் என்று பால்கனிக்கு நழுவினேன். அங்கே அவள் வளர்க்கும் செடிகள் இருந்தன. ஒன்று மட்டும் புதர் மாதிரி மண்டியிருந்தது.

"இது மட்டும் ஏன் இப்படி?"

"நான்தான் நுனியைக் கிள்ளி விட்டேன். கிள்ளக் கிள்ளத்தானே அது வேகமா வளரும்."

இரண்டு நாளாக நான் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லை. நம்ம வேனுக்கு வேற டயர் போட்டா என்ன?"

அவள் முகம் மாறியது. "ஏன், இதுல என்ன கோளாறு?"

"கோளாறுன்னு இல்லை..."

"பின்ன? நேத்து மழையில பள்ளிக்கூட இறக்கத்துல பிரேக் போட்டேன். வண்டி நிக்கவே இல்லை. வழுக்கிக்கிட்டே போய் மதில் ஓரமா நின்னுச்சு. பின்னாடி திரும்பிப் பார்த்தா பதினெட்டும் சிரிக்குது, ஏதோ விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டு. நான்தான் பதினெட்டையும் ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். நீங்க கொண்டு வர்ற டயரை நம்பித்தான் இந்த வாரம் மெதுவா ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கை சில்லென்றிருந்தது. இருக்கிற டயரிலும் பயம், வரப்போகிற டயரிலும் பயம் என்றால் ஒருத்தன் என்னதான் சொல்வான்.

புதன்கிழமை பத்து மில்லிமீட்டர். ராவவில்லை. செடிக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் வாடும் என்ற அளவுக்கு எனக்கும் தாவரவியல் தெரியும். டயர்மேல் கறுப்புத் துணியைப் போட்டு, ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்தேன். மத்தியானம் துணியை எடுத்துப் பார்த்தபோது, டயரின் ஒரு பக்கம் மட்டும் ஒரு விரல் அளவு புடைத்து நின்றது, கதவிடுக்கில் வந்த வெளிச்சக் கீற்றை நோக்கி.

கடைசியாகச் சூளை. டயர் முதுமையை எப்படித் தாங்கும் என்று பார்க்க ஒரு பெரிய சூட்டுப்பெட்டி இருக்கிறது. உள்ளே வைத்தால் ஒரே நாளில் டயருக்குப் பல வருட வயசாகிவிடும். என்னையும் ஒருநாள் தப்பித்தவறி உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பது என் மனைவியின் கருத்து. டயரைக் கழற்றி உருட்டிக்கொண்டு போய் அதில் வைத்துப் பூட்டினேன். உருட்டினேன் என்று சொன்னது மரியாதைக்காக. பாதி தூரம் அதுவாகவே வந்தது.

படிவத்தில் ஏழு புள்ளி ஒன்று. இப்போதெல்லாம் எழுத யோசிக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போனதும் ஆகட்டும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் என் படிவங்களை வைத்து ஒரு கோடு வரைந்திருந்தார். எட்டு, ஏழு புள்ளி ஏழு, ஏழு புள்ளி நான்கு, ஏழு புள்ளி ஒன்று. அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேரான கோடு.

"மில்லி, இந்த மாதிரி ஒரு தேய்மானத்தை என் வாழ்க்கையில பார்த்ததில்லை."

"நானும் பார்த்ததில்லை சார்."

"மேலிடத்துல ஒரே சந்தோஷம். மீதி ஒரு வாரச் சோதனை தேவையே இல்லைன்னுட்டாங்க. உங்களுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி. இன்னிக்குக் காலையிலயே உங்க வீட்டுக்கு ஆளை அனுப்பி வேனுக்கு நாலு டயரையும் மாட்டியாச்சு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க இந்த வாரம் எனக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

"சார், அந்த டயர் நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்."

"நல்லதை நல்லதுன்னு பார்த்தா நல்லதுதானே மில்லி."

நேராகப் போய்ச் சூட்டுப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்து காற்று வாங்கியது மாதிரி ஒரு பெருமூச்சு வந்தது. எழுபது டிகிரி சூட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்த டயர் கரடுமுரடாக வெடித்துச் சாகவில்லை. பள்ளக்கோடுகளுக்குள்ளிருந்து தலைமுடி தடிமனில் வெள்ளை வெள்ளையாக வேர்கள் இறங்கி, பெட்டியின் இரும்புத் தட்டை இறுகப் பற்றியிருந்தன. பிரித்தெடுக்கும்போது ஒவ்வொன்றாக விடுபட்டது. ஒவ்வொன்றுக்கும் எனக்கு "மன்னிச்சுக்கோ" என்று சொல்லத் தோன்றியது. பத்து பதினைந்து தடவை சொல்லியும் விட்டேன். தட்டு சொறி பிடித்தது மாதிரி குழிகுழியாக இருந்தது. அந்தக் குழிகளைப் பார்த்தேனே தவிர, நினைத்துப் பார்க்கவில்லை.

மாலையில் மனைவி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கல்யாணமான புதிதில் கேட்டது.

"வண்டி அப்படிப் போகுதுங்க. பிரேக் போட்டா ரோட்டைக் கவ்விப் பிடிக்குது."

"கவ்வுதா?"

"ஆமா. அன்னிக்கு வழுக்கின அதே இறக்கத்துலதான், அப்படியே ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. பிள்ளைங்க ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து சிரிக்குதுங்க. நிறுத்தி எடுக்கும்போது மட்டும் ஒரு சின்னச் சத்தம், என்னமோ பிச்செடுக்கிற மாதிரி."

"வேற ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"வண்டியில ஒண்ணும் இல்லை. ஆனா எனக்கு ஒரு எரிச்சல். பள்ளிக்கூட வாசல்ல வேகத்தடை போடச் சொல்லி நானும் மத்த வேன்காரங்களும் எத்தனை நாள் நடந்தோம், போன மாசம்தான் போட்டாங்க. காலையில பார்த்தேன், நல்லா மேடா இருந்துச்சு. சாயந்திரம் பார்த்தா பாதிதான் இருக்கு. என்ன லட்சணத்துல போடறாங்களோ."

ரோடு போடுகிறவர்களை நாங்கள் இருவரும் சேர்ந்து கொஞ்ச நேரம் திட்டினோம். அந்த வாரத்திலேயே எனக்கு நிம்மதியாக இருந்த நேரம் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது வேன் கிளம்பிப் போயிருந்தது. நான் தீர்மானத்துக்கு வந்திருந்தேன். வேலை போனால் போகட்டும். நேராக ஆகட்டும் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மறந்த பொத்தான், பொய்ப் படிவம், அரம், பால், சூட்டுப்பெட்டி, வேர்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு சிரித்தார்.

"மில்லி, பொய் சொல்றவனால இவ்வளவு நேரா ஒரு கோடு போட முடியாது. உங்களுக்கு ஓய்வு வேணும்."

"சார், அதுல பதினெட்டுக் குழந்தைங்க போகுது. என் பொண்டாட்டி போறா."

"ஆகட்டும். திங்கட்கிழமை உட்கார்ந்து பேசலாம்."

திங்கட்கிழமைக்குள் வேன் இன்னும் இரண்டு தடவையாவது போய்வரும். மனைவிக்குப் போன் போட்டேன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாள், நல்ல பழக்கம். பள்ளியில் விட்டதும் எடுத்தாள்.

"சாயந்திரம் வேனை எடுக்காதே."

"ஏன்?"

"டயர் சரியில்லை."

"மில்லி" என்றாள். கோபம் வந்துவிட்டது. "நீங்களே அளந்து, நீங்களே எழுதிக் கொடுத்ததை வச்சுத்தான் மாட்டினாங்களாம். மாட்ட வந்தவர் உங்களை அப்படிப் புகழ்ந்தார். சரியில்லைன்னா ஏன் எழுதினீங்க? அந்தப் பிள்ளைங்களை வேற யார் கூட்டிட்டு வர்றது? பத்திரமா இல்லையான்னு நேராச் சொல்லுங்க, நான் கேக்கறேன்."

எனக்கே யாரும் நேராகச் சொல்லவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

"மூணு மணிக்குள்ள சொல்றேன்" என்றேன்.

சொல்ல ஒரே வழிதான் இருந்தது. இந்த டயரை எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வெடிக்க வைப்பது. வெடித்த டயரை ஆகட்டும் மேஜைமேல் கொண்டுபோய்ப் போட்டால், அவரால்கூட ஆகட்டும் என்று சொல்ல முடியாது. டயரை மறுபடி மாட்டினேன். வேகத்தை முழுசாக வைத்தேன். அழுத்தும் கையை முடிந்தவரை முன்னால் தள்ளினேன். ஒரு லாரியே ஏறி உட்கார்ந்த பாரம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினொரு மணி. பன்னிரண்டு. ஒரு மணி. தோட்டத்து வாசனை மட்டும் கூடிக்கொண்டே போனது. டயர் கறுப்பில் ஒரு பச்சை மினுமினுப்போடு சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு நடை போகிறவர்கள் முகத்தில் ஒரு திருப்தி இருக்குமே, அது மாதிரி. இரண்டு மணிக்குப் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. எழுந்து பார்த்தேன். டயர் அப்படியே இருந்தது. நின்றுபோனது இயந்திரம்.

பழுது பார்க்கும் பிரிவிலிருந்து ஸ்பேனர் வந்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கையில் எப்போதும் அது இருக்கும். அதிகம் பேச மாட்டார். பத்தொன்பது வருடத்தில் என்னிடம் பேசியது "கரண்டை அணைங்க" என்பது மட்டும்தான். வந்ததும் அதையே சொன்னார்.

அணைத்தேன். அவர் இயந்திரத்தைச் சுற்றி வந்தார். டயரை அவர் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"டயர்தான் காரணம்" என்றேன். "பெருத்துக்கிட்டே போகுது. பதினோரு மில்லி வந்துருச்சு. அதான் இடிச்சு நின்னுருக்கு."

அவர் அழுத்தும் கையைத் தட்டிக் காட்டினார். "டயர் பெருத்தா இந்தக் கை பின்னாடி வரணும். இது முன்னாடி போயிருக்கு. இதுக்கு மேல நீட்ட இடமில்லாமதான் நின்னுருக்கு."

"அதெப்படி முன்னாடி போகும்?"

அவர் ஸ்பேனரால் டிரம்மைத் தட்டினார். பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரிந்த சத்தம் அது. எங்கே தட்டினாலும் அடிவயிற்றில் அதிரும். இப்போது காலி பிஸ்கட் டின்னைத் தட்டியது மாதிரி இருந்தது. அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். இரும்பு லேசாக உள்ளே போய், விரலை எடுத்ததும் டப் என்று வெளியே வந்தது.

"நான் மாட்டினப்போ இது ரெண்டு விரல் தடிமன்" என்றார். "கடைசியா எப்ப அளந்தீங்க?"

நான் டிரம்மைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். எப்போதும் என் தலைக்கு மேல் தெரியும் அதன் விளிம்பு என் நெற்றிக்கு நேராக இருந்தது. டயரை நாளைக்கு மூன்று தடவை அளப்பேன். ரோட்டை யாராவது அளப்பார்களா.

கடிகாரத்தில் மூன்றாகப் பத்து நிமிடம். பள்ளி மணி அடிக்கிற நேரம்.

"நீங்களாவது நேராச் சொல்லுங்க" என்றேன். "இதே டயர் நாலு என் பொண்டாட்டி வேன்ல இருக்கு. அதுல போறது பத்திரமா?"

ஸ்பேனர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"வேனுக்கு ஒண்ணும் ஆகாது சார். ரோடுதான் மிஞ்சாது."